நெல்லிக்கனிக்கு மூன்று கொட்டேஷன்

தருமபுரி மாவட்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் தலைக்குள் இருக்கும் சரக்குக்கு வெளியூரில் நல்ல கிராக்கி. உங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். நம் மாவட்டத்துடையது 68.54; மாநிலத்திலேயே கடைசி. இதைக் கேட்டு நீங்கள் தலைகுனிந்திருக்கலாம். குனியாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மண்டையில் ஒயர் ஒட்ட வசதியாக இருக்கும்.

மொழி மூளைக்குள் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்கிறவர்களுக்கு, எழுதப் படிக்கத் தெரியாத, மற்றபடி திடமாக இருக்கிற பெரியவர் ஒருவர் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் திட்டப் பணம் தீர்ந்துவிடும். இங்கே ஏரியூர் பஸ்ஸில் ஏறினால் போதும். கண்டக்டரிடம் தமிழில் சண்டை, பக்கத்து சீட்டுக்காரியிடம் கன்னடத்தில் குசலம், பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போன மகனிடம் போனில் இரண்டும் கலந்த திட்டு. பாலக்கோட்டுப் பக்கம் போனால் தெலுங்கும் சேர்ந்துகொள்ளும். படிக்காத தலை, பல மொழி பேசும் நாக்கு, கேள்வி கேட்காத கை. ஆராய்ச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த கணக்கெடுப்பு 2021இல் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. ஆகவே நம்முடைய கடைசி இடம் நிரந்தரமாகிவிட்டது. மாவட்டத்தில் படித்தவர்களுக்குத் தெரிந்து நிரந்தரமாக்கப்பட்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒப்பந்த அடிப்படை.

அந்த ஒப்பந்த அடிப்படையில் அடியேனும் அடக்கம். மொழியியலில் முதுகலை முடித்து, மொழியும் அறிதிறனும் பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் ரிலீவிங் ஆர்டர் வராது.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு லேப் மேனேஜர் என்று பெயர். இளங்கலை முடித்த பிள்ளைகள் ஓரிரு வருடம் இதில் இருந்து தொழில் கற்றுக்கொண்டு முனைவர் பட்டத்துக்குப் போவார்கள். ஆய்வில் பங்கேற்க ஆள் சேர்ப்பது, அவர்களுக்கு நேரம் ஒதுக்குவது, எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி காலாவதியாகாமல் பார்ப்பது, புதிய மாணவர்களுக்குக் கருவியைப் பழக்குவது, தரவைப் பத்திரப்படுத்துவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இங்கே இந்த வேலைகள் அத்தனையும் உண்டு. அந்தப் பதவி மட்டும் கிடையாது. புராஜெக்ட் அசோசியேட், புராஜெக்ட் அசிஸ்டென்ட், ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர் என்று திட்டத்துக்குத் திட்டம் பெயர் மாறும். மாறாதது ஆர்டரின் கடைசி வரி: இது முற்றிலும் தற்காலிகமானது, இதைக் காட்டி எந்த உரிமையும் கோர முடியாது. கோயில் உண்டியலில் போட்ட காசுக்குக்கூட இவ்வளவு கறாராக எழுதி வாங்குவதில்லை.

மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். அதோடு வீட்டு வாடகைப்படி. அதற்காக இந்திய நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சேலம் ஒய். தருமபுரி இசட். எழுத்தறிவிலும் கடைசி, எழுத்திலும் கடைசி எழுத்து. பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, மேலாளர் என்றால் எதை மேலாண்மை செய்கிறோம்? பேராசிரியரின் விமான டிக்கெட்டை. ஏ.சி. மெக்கானிக்கை. யு.பி.எஸ். பேட்டரியை. ஆடிட்டர் கேட்கும் போர்டிங் பாஸை. யுட்டிலைசேஷன் சர்டிஃபிகேட் என்ற ஒற்றைத் தாளை. அந்தத் தாள் டெல்லிக்குப் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் சம்பளம் வராது. சம்பளம் வராதபோதும் அந்தத் தாளைத் தயார் செய்ய வேண்டியது சம்பளம் வராத அதே ஆள்தான். வேலைசெய் நினைவாற்றல் என்று அறிதல் அறிவியலில் ஒரு பாடம் உண்டு; ஒரே நேரத்தில் தலை எத்தனை விஷயத்தைத் தாங்கும் என்ற ஆராய்ச்சி. அதற்குத் தனியாக ஆள் தேட வேண்டாம். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் எந்த புராஜெக்ட் அசிஸ்டென்ட்டின் தலையைத் திறந்தாலும் விடை கிடைக்கும்.

நம் தருமபுரி அந்நாளில் தகடூர். அதை ஆண்ட அதியமான், நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று நமக்கெல்லாம் பெருமை. நல்லவேளை, அது சங்ககாலம். இன்றைக்கு அதே கனியை ஒரு திட்டத்தின் கீழ் ஔவைக்கு வழங்க வேண்டுமானால், முதலில் மூன்று கொட்டேஷன். மலை உச்சியில் ஒரே மரம், அதில் ஒரே கனி என்றால், வேறெங்கும் கிடைக்காது என்று மரத்திடமிருந்து சான்றிதழ். அதை நம்பாத கணக்குப் பிரிவு டெண்டர் விடும். குறைந்த விலைக்கு வருவது எலுமிச்சை. அதுவும் புளிப்பு, அதுவும் உருண்டை, ஸ்பெசிஃபிகேஷனில் வேறு என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். எப்படியோ கனி வந்துவிட்டால் எந்த ரிஜிஸ்டரில் ஏற்றுவது என்று வழக்கு. தின்றால் தீருவதால் கன்சூமபிள். பலன் நெடுங்காலம் இருப்பதால் எக்விப்மென்ட். எக்விப்மென்ட் என்றால் வருடாவருடம் ஸ்டாக் வெரிஃபிகேஷன். ஔவை நேரில் வந்து, தான் இன்னும் சாகவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் 31க்குள் தின்று முடிக்கவில்லையென்றால் மீதிக் கனி டெல்லிக்குத் திரும்பும்.

சிரிக்கிறீர்கள். நிஜம் இதைவிடச் சிரிப்பு. அரசு நிதியில் நடக்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. சலுகையை 2022 ஜூலை 18இல் பிடுங்கினார்கள். பல கருவிகளுக்கு அது 18 ஆனது. அரசு கொடுக்கும் பணத்தில் அரசுக்கே வரி. அதோடு விட்டார்களா? ஆராய்ச்சி மானியமே ஜி.எஸ்.டி.க்கு உட்பட்டது என்று ஐ.ஐ.டி. டெல்லிக்கு 120 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. ஊர் சிரித்த பிறகு, 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் அதற்கு விலக்கு அளித்தது. கொட்டேஷன் இல்லாமல் கருவி வாங்கும் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்த 2025 ஜூன் வரை ஆனது. இரண்டு லட்சத்துக்கு, ஆராய்ச்சித் தரத்தில் கண் நகர்வைப் பதியும் கருவி வராது. அதன் ஸ்டாண்டு வரும்.

அந்தக் கருவிக்காகத்தான் கணக்குப் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் முன்னால் நின்றேன். ஃபைலை ஒரு முறை புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணு எங்க பாக்குதுன்னு தெரிஞ்சுக்க மெஷின் எதுக்குங்க? நேராப் பாத்தாலே தெரியுதே."

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிப் போவதில்லை, தாவித் தாவிப் போகிறது, ஒவ்வொரு தாவலுக்கும் நடுவே கால் விநாடி அளவே நிற்கிறது, எந்தச் சொல்லில் அதிகம் நிற்கிறதோ அங்கே மூளை திணறுகிறது, அதை வெறுங்கண்ணால் அளக்க முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அவர் கண் மட்டும் தொகை எழுதிய கட்டத்தை விட்டுத் தாவவே இல்லை.

இனி ஃபீல்டுக்கு வருவோம். பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூர். பெயரைச் சொன்னால் இன்னொரு ஜீப் கிளம்பிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் ஆயாவைத் திண்ணையில் உட்கார வைத்தோம். 2025-26இல் அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். எங்கள் பட்ஜெட்டில் பங்கேற்பாளருக்கு என்று இருந்த தலைப்பு 'சிற்றுண்டி'. அதாவது ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு டீ. இழந்த கூலியையும் போக்குவரத்துச் செலவையும் ஈடுசெய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையில் இடமிருக்கிறது. ஆனால் பட்ஜெட் எழுதியவருக்கு 'சர்வதேசக் கருத்தரங்கு' என்ற தலைப்பில்தான் மனம் இருந்தது. படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, திட்டத்தோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. ஊரில் அந்நேரத்துக்கு அப்படி இருந்தது, லீவில் வந்திருந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன். அவனோ மைனர். அவன் அப்பா தூங்கி எழும்வரை காத்திருந்தோம். ஆயாவின் வேலைக்கான வருகைப் பதிவு அதற்குள் முடிந்துவிட்டது.

"இதுல நாட்டு எதுக்கு கண்ணு?"

"உங்க சம்மதத்துக்கு ஆயா."

"குழுக் கடனுக்கு வெச்சேன், இன்னும் வட்டி கட்டறேன். நகைக்கு வெச்சேன், நகை போச்சு. இதுல என்ன போவும்?"

"ஒண்ணும் போகாது. புடிக்கலன்னா பாதியிலயே எழுந்திரிச்சுப் போயிடலாம்."

"பாதியில போனா பிஸ்கட்டு உண்டா?"

பாதியில் விலகுகிறவருக்குச் சன்மானம் தரப்படுமா என்ற அந்தக் கேள்வியை எங்கள் எத்திக்ஸ் கமிட்டியில் கோட்டு போட்ட ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு படங்களைக் காட்டினோம். கோடரி, ரம்பம், சுத்தியல், மரக்கட்டை. சேராத ஒன்றை எடுக்க வேண்டும். ஆயா நாலையும் பார்த்தார். எங்களையும் பார்த்தார்.

"கட்டய எடுத்துட்டா மீதி மூணும் சும்மாதான கெடக்கும்? வேல யாரு செய்யறது?"

மதிப்பெண் தாளில் பூஜ்யம். 1931, 32இல் ருஷ்ய உளவியலாளர் லூரியா உஸ்பெகிஸ்தானின் விவசாயிகளிடம் இதே மாதிரிப் படங்களைக் காட்டினார். அவர்களும் கட்டையைப் பிரிக்க மறுத்தார்கள். பள்ளிக்கூடம் பழக்கிவிடும் வகைப்படுத்தல் ஒன்று, வாழ்க்கை பழக்கிவிடும் வகைப்படுத்தல் வேறொன்று என்று அவர் அப்போதே பிடித்துவிட்டார். தொண்ணூறு வருடம் கழித்து அதே கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதே பூஜ்யத்தைப் போட்டுவிட்டுப் போகிறோம். எங்கள் கட்டுரையில் ஆயா 'குறைந்த செயல்திறன் கொண்ட குழு'வில் இருப்பார். 336 ரூபாயை விட்டுவிட்டு மூன்று ரூபாய் பிஸ்கட்டுக்கு உட்கார்ந்தவரை அந்தக் குழுவில் சேர்த்தது ஒருவகையில் சரிதான் என்று நிர்வாகம் சொல்லக்கூடும்.

இந்த அறிவியலே வெட்டி வேலை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிற்றெரிச்சலே அது வெட்டி வேலை இல்லை என்பதால்தான். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் உடனிருந்தவர்களும் நிம்ஸ் மருத்துவமனையின் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு நோய் நாலரை வருடம் தள்ளித் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. ஏரியூர் பஸ்ஸில் சண்டை போடுகிற கிழவிக்கு இது சம்பந்தமில்லாத சேதியா? லக்னோவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள், 2017இல் வெளிவந்தது. முப்பது வயதுக்கு மேல் படித்தாலும் மூளையின் ஆழத்தில், தலாமஸ் வரை, தொடர்புகள் மாறியிருந்தன. இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது என்று முதியோர் கல்வியை மூடி வைக்கும் ஒவ்வொரு அதிகாரியின் மேஜையிலும் அந்தப் படத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

பாலக்கோட்டுப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளை இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறுகிறது. அது டிஸ்லெக்சியாவா, மூன்றாவது மொழியில் படிக்க வேண்டியிருப்பதன் சிரமமா? டீச்சருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத் தோதான சோதனை அவர் கையில் இல்லை. மானேசரின் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கான டிஸ்லெக்சியா சோதனையை 2015இல் கொண்டுவந்தபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் அந்த முதல் பந்தியில் இல்லை. கன்னட எழுத்துகளைப் பிள்ளைகள் முழுதாகக் கைக்கொள்ள நாலாம் வகுப்புவரைகூட ஆகிறது என்று சோனாலி நாக் 2007இலேயே காட்டியிருக்கிறார். உயிர்மெய் வரிசை நமக்கும் நீளம்தான். இங்கேயோ 8 வயதுக்குள் எல்லாரும் படித்துவிட வேண்டும், அதுவும் 2025க்குள் என்று எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குக் கெடு வைத்தார்கள். கெடு வைத்தவர்களுக்குக் காலண்டர் தெரியும், குழந்தை தெரியாது. கெடு தப்பினால் மெமோ டீச்சருக்கு. 'மக்கு' என்ற பட்டம் பிள்ளைக்கு.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கிணற்று நீரின் ஃபுளோரைடு ஊரறிந்தது. பிள்ளைகள் பல்லைக் காட்டினாலே தெரியும். அதற்காகவே ஜப்பானியக் கடனில், 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013இல் திறந்தார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீருக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் எண் குறைவதற்கும் தொடர்பு உண்டு என்று அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில், மிதமான உறுதியோடு, சொன்னது. அப்படியானால் குழாய் வரும் முன்பு கிணற்றுநீர் குடித்து வளர்ந்த ஒரு தலைமுறையின் கணக்கு என்ன? நினைவு, கவனம், மொழி என்று அவர்களுக்கு ஒழுங்காக அளந்து பார்க்க ஒரு நிரந்தர ஆய்வகம் வேண்டுமானால் அதற்கு உலகத்தில் முதல் உரிமை இந்த மண்ணுக்குத்தான். ஆய்வகங்கள் ஐதராபாத்தில், பெங்களூரில், கான்பூரில், காந்திநகரில் இருக்கின்றன. அறிதல் அறிவியலுக்கென்று மத்திய அரசு 2008இலேயே தனித் திட்டம் தொடங்கியது. தருமபுரிக்கு வருவது ஜீப்.

காசில்லையா? 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் பெரும்பங்கு தனியார் தருவார்களாம். ஆயாவுக்கு 336 தர மனம் வராத நாட்டில் முதலாளிகள் அள்ளித் தருவார்கள் என்று காத்திருக்கிறார்கள். 2025இல் இன்ஸ்பயர் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை என்று கதறினார்கள். அதே 2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' தொடங்கியது. ஆய்விதழ்களைப் படிக்க மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களுக்கு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆயா தன் கூலியை விட்டுத் தரவைக் கொடுத்தார். சம்பளம் வராத அசிஸ்டென்ட் அதைப் பதிந்தான். பேராசிரியர் எழுதிய கட்டுரையைப் பதிப்பகம் ஓசியில் வாங்கிப் போட்டது. இப்போது அதைப் படிக்க நம் வரிப்பணத்தை அந்தப் பதிப்பகத்துக்கே கொடுக்கிறோம். ஆயா வாங்கும் தீப்பெட்டியின் ஜி.எஸ்.டி.யும் அதில் சேர்த்தி. அவ்வளவு கொடுத்தும் அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட அவர் திண்ணைக்குத் தமிழில் திரும்பி வருவதில்லை. கொள்ளைக்காரனாவது வீட்டை அடையாளம் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை வருவான். இவர்கள் அதற்கும் வருவதில்லை. ஊர்ப்பெயரையே 'தென்னிந்தியாவின் ஒரு கிராமம்' என்று மாற்றிவிடுகிறார்கள்.

ஆகவே மக்களே, அடுத்த ஜீப் வரும்போது டீ கொடுங்கள். அது நம் பண்பாடு. கைநாட்டை மட்டும் உடனே கொடுக்காதீர்கள். முதலில் அன்றைய கூலியை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். முடிவைத் தமிழில் எழுதி கிராம சபையில் வாசிப்போம் என்று எழுதி வாங்குங்கள். வந்திருக்கிற பிள்ளைக்குச் சம்பளம் வந்துவிட்டதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கூட வந்த பேராசிரியர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்குக் கருவி தேவைப்படாது. மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அந்தப் படிவத்திலேயே இரண்டாம் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டுவதுதான் என் உத்தியோகம். சம்பளம் பாக்கி, படித்துக் காட்டிவிட்டேன்.